ஹைப்பர்டென்ஷன்: கொதிப்பா, அழுத்தமா?

உயர் இரத்த அழுத்தத்துக்கு மருத்துவர்கள் சொல்லும் ஹைப்பர்டென்ஷன் ஓர் ஒட்டுச்சொல். முன்பாதி கிரேக்கம், ‘மிகை’ என்று பொருள். பின்பாதி லத்தீன், இழுபட்டு விறைத்திருப்பதைக் குறிக்கும். ரத்தம் அளவுக்கு மீறி அழுத்துவதால் தமனிச் சுவர் விறைக்கிறது என்பதுதான் கருத்து. மனக்கவலைக்கு அதில் இடமில்லை.

தமிழில்தான் வம்பு. நம் பேச்சில் டென்ஷன் என்றால் பதற்றம், எரிச்சல். ‘எனக்கு ஒரு டென்ஷனும் இல்லீங்களே, மாத்திரை எதுக்கு?’ என்று சேலத்துக்காரர் கேட்டால் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது.

மக்கள் சொல்வது ‘பிரஷர்’. பெரியவர்கள் வாயில் ‘ரத்தக் கொதிப்பு’. உலைநீர் கொதிக்கும், காய்ச்சலில் உடம்பு கொதிக்கும், கோபத்தில் மனம் கொதிக்கும். ஆகவே கேட்பவருக்கு இது சூட்டு நோயாகிவிடுகிறது. சூட்டுக்கு மருந்து குளிர்ச்சி. அந்தக் குளிர்ச்சி உப்புப் போட்ட நீர்மோராக இருந்துவிட்டால்? ரத்த அழுத்தத்துக்கு ஆகாதது அந்த உப்புதான். ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குக் கீழ் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

சரியான தமிழ், உயர் இரத்த அழுத்தம். வெவ்வேறு நாள்களில் அளந்தும் மேல் அளவு 140 அல்லது கீழ் அளவு 90-ஐத் தொட்டால் இந்தப் பெயர். எழுத்தில் இதையே வைத்துக்கொள்ளலாம். ‘க்ரானிக்’ என்பதற்கு அதன் முன்னால் சேர்க்கும் ‘நாள்பட்ட’ என்ற அடைமொழிதான் எனக்கு உறுத்துகிறது. கவனிக்காமல் முற்றவிட்டது போன்ற தொனி அதில் இருக்கிறது. ‘நீடித்த’ என்பது மேல்.

செவிலியருக்கும், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடுவீடாகப் போகும் பெண் தன்னார்வலர்களுக்கும் பயிற்சி தரும்போது ‘பண்பாட்டுத் திறன்’ என்றொரு தலைப்பு வரக்கூடும். நோயாளியின் பழக்கவழக்கம் அறிந்து மருத்துவம் பார்ப்பதைக் குறிக்கும் ‘கல்ச்சுரல் காம்பிடன்ஸ்’ என்ற ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்தது. கேட்டால் நாட்டிய வகுப்பு போலிருக்கும். ‘வழக்கமறிந்த மருத்துவம்’ என்றால் வேலை விளங்கும். ஏற்காட்டு மலையாளிகளிடம் (கேரளத்தார் அல்ல, தமிழ் பேசும் சேர்வராயன் மலைமக்கள்) கொதிப்பு என்ற சொல்லைத் திருத்துவதில் பொழுதைக் கழிக்க வேண்டாம். ‘கொதிப்புன்னா உடம்புல என்ன ஆகுதுன்னு நினைக்கிறீங்க?’ என்று கேட்டுவிட்டு, ‘ரத்தம் சூடாகலைங்க, குழாயை அழுத்துது, உங்களுக்குத் தெரியாமலேயே அழுத்தும்’ என்று சொன்னால் போதும். அப்புறம் ஊறுகாய், கருவாடு, அப்பளம் என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். ‘உப்பைக் குறைங்க’ என்றால் குழம்பில் மட்டும்தான் குறைப்பார்கள்.