பாலிஹவுஸ் கடன் கேட்டு வருபவர்களிடம் நான் கேட்கும் கணக்கு

2022-இல் குறிஞ்சிப்பாடிப் பக்கத்திலிருந்து ஒரு கடன் விண்ணப்பம் என் மேசைக்கு வந்தது. 25 சென்ட்டில் பாலிஹவுஸ், அதாவது இரும்புக் குழாய்ச் சட்டத்தின் மேல் பிளாஸ்டிக் சீட்டு போர்த்திய பசுமைக்குடில். உள்ளே கலர் குடைமிளகாய். திட்ட அறிக்கை வழவழ தாளில் 40 பக்கம். ஒரு பக்கத்தில் ‘மாவட்டத்தின் குளிர்ந்த, மிதமான தட்பவெப்பம் இப்பயிருக்கு மிகவும் ஏற்றது’ என்று இருந்தது. குறிஞ்சிப்பாடியில் ஏது குளிர் என்று மேலும் புரட்டினேன். விற்பனை வாய்ப்பு என்ற தலைப்பின் கீழே ‘ஓசூர்’ அப்படியே உட்கார்ந்திருந்தது. குளிர்ந்த ஓசூருக்கு எழுதிய அறிக்கை அது. மற்ற இடங்களில் எல்லாம் ஊர்ப் பெயரை மாற்றியவர் அங்கே மட்டும் மறந்துவிட்டார்.

நான் வங்கியில் வேளாண் கடன் பார்க்கிறவன். கடலூர், பண்ருட்டி, வில்லியனூர், பாகூர் என்று இருபது வருடத்துக்கு மேல் இந்த மண்ணில்தான் சுற்றியிருக்கிறேன். பசுமைக்குடிலுக்கு நான் எதிரி இல்லை. நல்ல லாபம் பார்த்தவர்களையும் தெரியும், குழாய்களைப் பழைய இரும்புக்குப் போட்டவர்களையும் தெரியும். இரண்டு தரப்பிலும் மகசூல் நன்றாகத்தான் வந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

விண்ணப்பம் கொடுத்தவர் வந்து உட்கார்ந்ததும் சொன்ன முதல் வார்த்தை, “வெளியில போடுறதவிட அஞ்சு மடங்கு, ஆறு மடங்கு வரும்னு கம்பெனிக்காரங்க சொல்றாங்க சார்.”

“வரும் அண்ணே. விலை என்ன போட்டிருக்காங்க?”

அவர் அறிக்கையைப் புரட்டினார். வருடம் முழுக்க ஒரே விலை போட்டிருந்தது. கோயம்பேட்டுக்கு ஒரு மூட்டையாவது அனுப்பியவர்களுக்குத் தெரியும், அப்படி ஒரு வருடம் இதுவரை வந்ததில்லை.

சரி, கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 25 சென்ட் என்றால் ஏறக்குறைய 1,000 சதுர மீட்டர். தேசிய தோட்டக்கலை இயக்கத்தில் பல வருடங்களாக இருந்த அளவுகோலின்படி, இந்த அளவுள்ள, இயற்கைக் காற்றோட்டம் கொண்ட பாலிஹவுஸுக்கு ஒரு சதுர மீட்டருக்கு 935 ரூபாய். பாதி மானியம், அதாவது 467.50. சீட்டுக்குப் பதில் வெயிலைக் குறைக்கும் வலை கட்டிய நிழல்வலைக்குடிலுக்கு 710 ரூபாய், மானியம் 355. 2025-இல் இந்த விதிமுறைகளைத் திருத்தியிருக்கிறார்கள். உங்களுக்கு இப்போது எவ்வளவு கிடைக்கும் என்பதை வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். இங்கே பழைய எண்ணையே வைத்துக்கொள்கிறேன். மொத்தச் செலவு 9,35,000. மானியம் போக நம் தலையில் விழுவது 4,67,500. (கம்பெனி கொட்டேஷன் பெரும்பாலும் அரசு அளவுகோலைத் தாண்டித்தான் இருக்கும், அந்த மிச்சமும் நம்முடையதுதான்.) இதைக் கடனாக வாங்கி, 10 சதவீத வட்டியில் 7 வருடத்தில் அடைப்பதாக வைத்தால், வருடத்துக்குச் சுமார் 96,000 ரூபாய் கட்ட வேண்டும்.

உள்ளே வெள்ளரி போடுகிறோம். ஒரு போகத்தில் 7 டன் என்று அடக்கமாகவே வைப்போம். விதை, உரம், ஆள்கூலி எல்லாம் சேர்த்து 80,000. கிலோ 25 ரூபாய்க்குப் போனால் 1,75,000 வரும். மண்டிக் கமிஷன், வண்டி வாடகைக்கு 10 சதவீதம் கழித்து, செலவையும் கழித்தால் கையில் 77,500. அதே 7 டன் 12 ரூபாய்க்குப் போனால் 4,400 ரூபாய் நஷ்டம். வருடத்துக்கு இரண்டு போகம் என்று வைத்து, இரண்டுமே நல்ல விலைக்குப் போனால் தவணை கட்டியது போக 59,000 மிஞ்சும். ஒன்று நல்ல விலைக்கும் ஒன்று மட்டமான விலைக்கும் போனால் கையில் நிற்பது 73,100, கட்ட வேண்டியதோ 96,000. மூன்று, நான்கு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய மேல் சீட்டின் செலவை இதில் நான் சேர்க்கவே இல்லை.

அதே 25 சென்ட்டில் திறந்தவெளியில் கத்தரி போட்டு விலை விழுந்தால் 20, 25 ஆயிரம் போகும். வலிக்கும், ஆனால் அடுத்த பட்டத்தில் எழுந்துவிடலாம். குடிலில் பயிர் ஏமாற்றினாலும் தவணைத் தேதி தவறாமல் வந்து நிற்கும்.

அப்போது குடிலில் லாபம் எப்படித்தான் வருகிறது? ஊரில் யாரிடமும் சரக்கு இல்லாத வாரத்தில் நம்மிடம் இருப்பதால் வருகிறது. சித்திரை, வைகாசி வெயிலில் திறந்தவெளிக் கொத்தமல்லி கருகிப்போகும், விலை ஏறும். வெயிலில் பாதியை மறைக்கும் 50 சதவீத நிழல்வலைக்குக் கீழே அந்த மாதங்களிலும் மல்லி எடுக்கலாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கீரைப் பாத்தி அழுகிவிடும். மேலே சீட்டு இருப்பவரிடம் மட்டும் அப்போது கட்டு கட்டாகக் கீரை இருக்கும். புதுச்சேரி ஹோட்டல்களுக்கு நேராகக் கொடுப்பவர்களுக்கு மண்டிக் கமிஷனும் மிச்சம். ஆனால் ஹோட்டல்காரர் ஒரு நாள் சரக்கு வராவிட்டால் மறுநாள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார். நிலத்தை அளப்பதற்கு முன்னால், எந்த மாதத்தில், யாருக்கு விற்கப் போகிறோம் என்று எழுதிப் பாருங்கள்.

வெப்பத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், நம் பகுதியில் பெரும்பாலானவர்கள் சறுக்கும் இடம் அதுதான். புதுச்சேரிப் பக்கம் ஒரு பாலிஹவுஸை மே மாதம் மதியம் இரண்டு மணிக்குப் பார்க்கப் போனேன். கதவைத் திறந்ததும் மூக்குக்கண்ணாடி ஆவி படிந்து ஒன்றும் தெரியவில்லை. துடைத்துவிட்டுப் பார்த்தால், நடுக்கம்பியில் தொங்கிய தெர்மாமீட்டர் 43 டிகிரி காட்டியது. வெளியே 38. குடைமிளகாய்ச் செடிகள் ஆள் உயரம், இலைகள் கரும்பச்சை, பார்க்க அவ்வளவு அழகு. கீழே பாத்தி முழுக்க உதிர்ந்த பூ. அந்தச் சூட்டில் குடைமிளகாயும் தக்காளியும் காய் பிடிப்பது கஷ்டம். ஃபேன் அண்ட் பேட் போட்டால் சரியாகிவிடும் என்பார்கள். ஈரத்தாளின் வழியே காற்றை இழுத்துக் குளிர்விக்கும் ஏற்பாடு அது. வறண்ட காற்றில் நன்றாக வேலை செய்யும். நம் கடற்கரைக் காற்றிலோ ஏற்கெனவே ஈரம் இருப்பதால் குளிர்ச்சி குறைவு, கரன்ட் செலவு மட்டும் குறையாது. ஓசூரில் ஓடும் கணக்கு இங்கே ஓடாததற்கு முதல் காரணம் இதுதான்.

இன்னொருவர் வெள்ளரி போட்டார். விதை விலையைப் பார்த்து மலைத்துப்போய், கடையில் கிடைத்த சாதாரண ரகத்தை வாங்கி விதைத்துவிட்டார். கொடி ஏறியது, பூத்தது, பிஞ்சு மஞ்சளாகி உதிர்ந்தது. பூச்சி வராமல் இருக்கச் சுற்றிலும் நெருக்கமான கண்ணுள்ள 40 மெஷ் வலை கட்டியிருந்தார். அதில் தேனீயும் வராது. குடிலுக்குள் மகரந்தச் சேர்க்கை இல்லாமலே காய்க்கும் ரகம்தான் போட வேண்டும், அந்த விதையின் விலை அதற்காகத்தான். விதையில் பிடித்த மிச்சம் ஒரு போகத்தையே தின்றுவிட்டது.

மண்ணில் இருந்துகொண்டு வேரைத் தாக்கும் நூற்புழுவையும் சொல்லிவிடுகிறேன். ஒரே கூரையின் கீழ் வெள்ளரிக்குப் பின் வெள்ளரி, தக்காளிக்குப் பின் தக்காளி என்று போட்டால் இரண்டு, மூன்று வருடத்தில் வேர் முடிச்சு முடிச்சாக வீங்கும். திறந்த நிலத்தில் ஒரு பட்டம் நெல்லோ எள்ளோ போட்டு மண்ணை ஆறவிடலாம். குடிலில் தவணை அதற்கு இடம் கொடுக்காது.

இவ்வளவு சொன்னாலும், தண்ணீர் விஷயத்தில் குடில் பக்கம்தான் என் ஓட்டு. கடலோர ஊர்களில் போர் தண்ணீர் உப்பேறிக்கொண்டே போகிறது. உப்புத் தண்ணீரைச் சொட்டுநீரில் விட்டால் துளை அடைக்கும், இலை ஓரம் கருகும். ஆனால் ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். நம் பக்கம் வருடத்துக்குச் சுமார் 1,200 மில்லிமீட்டர் பெய்கிறது. 1,000 சதுர மீட்டர் கூரையில் கணக்குப்படி 12 லட்சம் லிட்டர் நல்ல தண்ணீர். வெள்ளரிக்கு ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாளைக்கு 3 லிட்டர் என்று வைத்தாலும், 90 நாள் போகத்துக்கு 2,70,000 லிட்டர் போதும். கூரைத் தண்ணீரில் பாதியைப் பிடித்துத் தார்ப்பாய் விரித்த குட்டையில் வைத்தாலே இரண்டு போகம் தாண்டும். நான் பார்த்த கொட்டேஷன்களில் குட்டை இருந்ததே இல்லை. கேட்டு எழுதி வாங்குங்கள். சொட்டுநீர்க் கருவிக்குச் சிறு, குறு விவசாயிகளுக்குத் தமிழ்நாட்டில் 100 சதவீத மானியம் தனியாக இருக்கிறது.

அப்புறம் புயல். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை ஏறியபோது பண்ருட்டியின் முந்திரியும் பலாவும் சாய்ந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. அடிமரம் பருத்த பலாவையே பிடுங்கியது அந்தக் காற்று. பாலிஹவுஸின் மேல் சீட்டு, அலுமினியச் சட்டத்தில் வளைவு வளைவான கம்பி ஸ்பிரிங்கால் பிடித்து வைக்கப்பட்டிருக்கும். புயல் எச்சரிக்கை வந்ததும் அந்த ஸ்பிரிங்கை உருவிச் சீட்டை இறக்கிவிட வேண்டும். நேரமில்லை என்றால் கத்தியை எடுத்துக் கிழித்துவிட வேண்டும். மனசு வராது, உண்மைதான். ஆனால் சீட்டு காற்றை வாங்கிக்கொண்டு நின்றால் குழாயும் முறுக்கிக்கொண்டு போகும். பயிர்க் காப்பீடு பயிருக்குத்தான், கட்டமைப்புக்குத் தனியாகக் காப்பீடு எடுக்க வேண்டும். பாலிசியில் புயல் என்ற வார்த்தை இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள்.

கடைசியாக ஒரு அலுவலக விஷயம். தோட்டக்கலைத் துறையின் பணி ஆணை கைக்கு வருமுன் குழி தோண்டாதீர்கள். முதலில் கட்டிவிட்டு அப்புறம் மானியம் கேட்டு வந்தவர்களை நான் வெறுங்கையோடு திரும்பப் பார்த்திருக்கிறேன். மானியம் வேலை முடிந்து, ஆய்வு முடிந்த பிறகுதான் வரும். அதுவரை முழுப் பணமும் நாமே புரட்ட வேண்டும்.

குறிஞ்சிப்பாடிக்காரரிடம் அன்று அறிக்கையைத் திருப்பிக் கொடுத்து, ஒரு தெர்மாமீட்டர் வாங்கிக் கொல்லையில் தொங்கவிடச் சொன்னேன். பண்ருட்டி விலையையும் தினமும் குறித்துக்கொள்ளச் சொன்னேன். எட்டு மாதம் கழித்து நோட்டோடு வந்தார். கூடவே அவர் வீட்டுக்காரம்மாவும். பேசியது பெரும்பாலும் அந்த அம்மாதான்.

“குடைமிளகாய் வேணாம் சார். எங்க ஊர்ல மிளகாய் நாற்று, கத்தரி நாற்று எல்லாம் வெளியூர்லேருந்துதான் வண்டியில வருது. நாங்களே போட்டா என்ன?”

10 சென்ட்டில் நிழல்வலைக்குடில். 400 சதுர மீட்டர், அளவுகோல்படி 2,84,000 ரூபாய், மானியம் பாதி. நாற்று வளர்க்கும் 98 குழி கொண்ட தட்டு ஒன்றுக்கு 0.15 சதுர மீட்டர் இடம் போதும். பாதி இடத்தை நடைபாதைக்கு விட்டாலும் 1,300 தட்டு அடங்கும். அதாவது ஒரு ஈட்டுக்கு 1,25,000 நாற்றுக்கு மேல். ஒட்டுரக விதையை மேட்டுப்பாத்தியில் தூவினால் எறும்பும் மழையும் தின்றது போக மிச்சம்தான் நமக்கு. குழித்தட்டில் விதைக்கு ஒரு நாற்று ஏறக்குறைய நிச்சயம். நாற்று விற்க விதை உரிமம் வேண்டும், அதையும் எடுத்தார்கள். ஆர்டர் வாங்காமல் ஒரு தட்டுகூடப் போடமாட்டார் அந்த அம்மா. நாற்றுக்கு வயது ஏறிவிட்டால் யாரும் தொடமாட்டார்கள் என்பது அவர் கணக்கு.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை ஏறியது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. முந்தின நாளே இவர்கள் வலையை அவிழ்த்துச் சுருட்டிவிட்டார்கள். தட்டுகளை எல்லாம் வீட்டுத் தாழ்வாரம், மாட்டுக்கொட்டகை, கடைசியில் படுக்கையறை வரை கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். மழை வடிந்ததும் சுற்றுவட்டாரத்தில் நாற்றங்கால் கரைந்துபோனவர்கள் எல்லாம் இவர்கள் வாசலுக்கு வந்தார்கள். ஒரு வாரத்தில் தட்டு காலி.

தவணை கட்ட வந்தபோது, விலை ஏற்றினீர்களா என்று கேட்டேன்.

“பழைய விலைதான் சார். இதே ஆளுங்கதான தை மாசமும் வரணும்?”