ஷூவின் விளிம்பில் ஒரு கணக்கு

விளம்பரம் ஒன்றுக்காகக் கறுப்பு ஷூவை வெள்ளைத் திரைக்கு முன்னால் வைத்துப் படம் எடுத்தாயிற்று. இனி அதை இரவுநேரச் சாலையின் மேல் உட்கார வைக்க வேண்டும். வெட்டி ஒட்டியதும் ஷூவைச் சுற்றி மெல்லிய வெளிர்கோடு ஒன்று பல்லிளிக்கும். டிசைனர்கள் தலையில் அடித்துக்கொள்ளும் கோடு அது. எங்கிருந்து வருகிறது?

படத்தைப் பெரிதாக்கினால் தெரியும். கம்ப்யூட்டருக்குப் படம் என்பது எண்கள் நிரம்பிய கட்டங்கள். ஒரு கட்டம்தான் ஒரு பிக்சல். நிறத்தை விட்டுவிட்டு வெளிச்சத்தை மட்டும் பார்த்தால், 0 முழுக் கறுப்பு, 255 முழு வெள்ளை. நம் ஷூ 40, திரை 240 என்று வைத்துக்கொள்வோம். விளிம்பில் உள்ள பிக்சலில் பாதி ஷூ, பாதி திரை. அதனால் அதன் எண் 140. அதாவது, திரையின் வெள்ளை ஏற்கெனவே அதில் கலந்துவிட்டது. எவ்வளவு நுணுக்கமாக வெட்டினாலும் கத்தரிக்கோலோடு கூடவே வரும்.

இங்கேதான் மாஸ்க் வருகிறது. ஒவ்வொரு பிக்சலிலும் ஷூவின் பங்கு எவ்வளவு என்பதைத் தனியாக எழுதிவைக்கும் இன்னொரு படம் அது. நம் விளிம்பில் பங்கு 0.5. சாலையின் எண் 20 என்றால், 140இல் பாதியும் 20இல் பாதியும் சேர்ந்து 80. வெளிர்கோடு அப்படியே நிற்கிறது! முதலில் திரையின் பங்கைக் கழிக்க வேண்டும்: 140இலிருந்து 120ஐ (240இல் பாதி) எடுத்து, மிச்சத்தை 0.5ஆல் வகுத்தால் ஷூவின் அசல் 40 திரும்பக் கிடைக்கும். இப்போது கலந்தால் 30. கோடு காணாமல் போய்விடும். தலைமுடியை வெட்டி எடுப்பதும் இதே கணக்குதான். ஆனால் அங்கே பங்கு எவ்வளவு என்று ஊகிப்பதிலேயே உயிர் போய்விடும்.

இந்தக் கணக்கு மேசைக்கு வந்த கதை சுவையானது. 1987இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் தாமஸ் நோல், கறுப்பு வெள்ளைப் புள்ளிகளை மட்டுமே காட்டத் தெரிந்த மேக் பிளஸ் என்ற ஆப்பிள் கம்ப்யூட்டரின் திரையில் சாம்பல் நிறச் சாயல்களை வரவழைக்க ஒரு நிரல் எழுதினார். தம்பி ஜான் நோலோடு சேர்ந்து அதை வளர்த்தார். 1990இல் அது ஃபோட்டோஷாப்பாக வெளிவந்தது. படங்களைத் தனித்தனி அடுக்குகளாக ஒன்றன்மேல் ஒன்று வைக்கும் லேயர் வசதி 1994இல்தான் வந்தது. அதுவரை ஒட்டியது ஒட்டியதுதான்.

மெமரிக்கும் லேயர் சுமை. அச்சுக்கான 300 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) ஓர் ஏ4 பக்கம் 2480 × 3508 பிக்சல், ஏறத்தாழ 87 லட்சம். பிக்சலுக்கு 3 பைட் என்றாலே 2.6 கோடி பைட். லேயர் கூடக் கூட இது பெருகும். மேக் பிளஸ்ஸில் இருந்ததோ வெறும் 1 எம்பி.

சரி, ஷூவுக்கு நிழல் வேண்டாமா? அதற்கு மல்டிப்ளை என்ற கலக்கும் முறை. மேலே உள்ள படத்தின் எண், கீழே உள்ள சாலையின் எண் இரண்டையும் பெருக்கி 255ஆல் வகுக்கும். வெள்ளையான இடத்தில் 255ஆல் பெருக்கி 255ஆல் வகுப்பதால் சாலை மாறாது. நிழல் விழும் இடம் மட்டும் இருளும். ஸ்டுடியோவில் விழுந்த நிழலையே இப்படிச் சாலைக்குக் கொண்டுவரலாம், பின்னணித் திரை முழு வெள்ளையாக இருந்தால். ஷூவுக்கு வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்தும் சாலைக்கு வலப்பக்கத்திலிருந்தும் வந்திருந்தால், கேமராவை மறுபடி எடுப்பதே சீக்கிரம் முடியும்.