எம்பசிக்கு மனு போடும் முன்

பெருந்துறை, காங்கேயம், தாராபுரம் பக்கமிருந்து வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் வேலைக்குப் போனவர்களுக்கு அங்கே ஏதாவது ஆகிவிட்டால், குடும்பத்தார் வக்கீலைத் தேடி ஈரோட்டுக்கு வருகிறார்கள். சிலர், "எம்பசிக்கு ஒரு லெட்டர் போட்டா பையனை அனுப்பி வெச்சிருவாங்களாமுங்க" என்பார்கள். வேறு சிலர், "எம்பசியெல்லாம் நம்மளாட்ட ஏழைக்கு எங்கீங்க செய்யறாங்க" என்று மனசு விட்டுப்போய் வருவார்கள். இந்த இரண்டு எண்ணத்தாலும் நாட்கள்தான் வீணாகின்றன. தூதரகம் எதைச் செய்யும், எதைச் செய்ய முடியாது என்பது முன்பே தெரிந்திருந்தால் அந்த நாட்கள் மிச்சமாகும்.

கைதிலிருந்து தொடங்குகிறேன். 1963இல் வியன்னாவில் உருவான தூதரக உறவுகள் உடன்படிக்கையின் 36ஆவது பிரிவு, வெளிநாட்டில் கைதானவருக்கு ஓர் உரிமையைத் தருகிறது. தன் நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லும்படி அவர் கேட்டால், போலீஸ் தாமதிக்காமல் சொல்லியாக வேண்டும். தூதரக அதிகாரி சிறைக்குப் போய் அவரைப் பார்க்கலாம், பேசலாம், வக்கீல் ஏற்பாடு செய்யலாம். இது ஏட்டில் மட்டும் இருக்கும் உரிமை இல்லை. உளவாளி என்று சொல்லிப் பாகிஸ்தான் கைது செய்த இந்தியர் குல்பூஷண் ஜாதவுக்கு அந்த நாடு இதை மறுத்தது தவறு என்று சர்வதேச நீதிமன்றம் 2019இல் தீர்ப்புச் சொன்னது.

ஆனால் 'அவர் கேட்டால்' என்பதைக் கவனியுங்கள். பயத்தில் நம் பையன்கள் கேட்பதில்லை. எம்பசிக்குத் தெரிந்தால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று மறைக்கிறவர்களும் உண்டு. அதனால் சிறையிலிருந்து ஒரே ஒரு போன் வந்தாலும், அழுது தீர்ப்பதற்கு முன்னால், "இந்தியத் தூதரகத்துக்குத் தெரிவிக்கச் சொல்லிக் கேளு" என்று சொல்லிவிடுங்கள். பல நாடுகளில் கைதானவர் சம்மதிக்காவிட்டால் அவரைப் பற்றிய விவரத்தையே அங்குள்ள அரசு தருவதில்லை. எம்பசியில் பதில் வரவில்லை என்று குடும்பம் கோபப்படும் வழக்குகளில் சில நேரம் காரணம் இதுவாகவே இருக்கும்.

விடுதலை செய்யச் சொல்லி அந்த நாட்டு நீதிபதிக்குத் தூதரகம் உத்தரவு போட முடியாது. திருப்பூரில் ஒரு வெளிநாட்டுக்காரர் கைதானால், அவர் நாட்டுத் தூதர் நம் மாஜிஸ்திரேட்டுக்கு ஆணையிட முடியுமா? அதே கதைதான். இதைச் சொன்னால் பெற்றவர்களின் முகம் வாடுகிறது. ஆனாலும், "முப்பதாயிரம் குடுங்க, எம்பசியில ஆள் இருக்கு" என்று பேசும் தரகரிடம் அவர்கள் போய் மாட்டுவதைவிட, இதை நேராகச் சொல்லிவிடுவது மேல்.

அடுத்தது மரணம். இதைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

உடலைக் கொண்டுவருவதற்குத் தூதரகம் கேட்கும் முக்கியமான காகிதங்கள்: மருத்துவமனை தரும் இறப்புச் சான்று, பாஸ்போர்ட், விசா பக்கங்களின் நகல், விபத்தோ இயற்கையல்லாத மரணமோ என்றால் போலீஸ் அறிக்கை, அது வேறு மொழியில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பு, அப்புறம் நெருங்கிய உறவினரின் நோட்டரி சான்றிட்ட சம்மதக் கடிதம். கடைசியாகச் சொன்ன அந்தக் கடிதம் மட்டும் நம் ஊரிலிருந்து போக வேண்டியது. அங்கேதான் தடங்கல் வருகிறது. மனைவி ஒரு பக்கம், அப்பா அம்மா ஒரு பக்கம் என்று மனத்தாங்கல் இருக்கும் வீடுகளில், யார் கையெழுத்துப் போடுவது என்பதிலேயே இரண்டு மூன்று நாள் போய்விடும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயரைச் சேர்த்து ஒரு மாதிரியும், ஆதாரில் இனிஷியலோடு இன்னொரு மாதிரியும் இருக்கும். திருமணத்தைப் பதிவே செய்திருக்க மாட்டார்கள். இங்கே கொண்டுவருவதா, அங்கேயே அடக்கம் செய்வதா என்பதைக் கடிதத்தில் தெளிவாக எழுத வேண்டும். உறவுக்காரர்கள் தயவுசெய்து அன்றைக்கு ஒரு நாளாவது பழைய சண்டையை ஒதுக்கி வையுங்கள். சவக்கிடங்கில் கிடப்பது உங்கள் பிள்ளை.

எல்லாக் காகிதமும் சேர்ந்த பிறகு தூதரகம் மரணத்தைப் பதிவு செய்து, பாஸ்போர்ட்டை ரத்து செய்து, தடையில்லாச் சான்று தரும். செலவை முதலாளி ஏற்காவிட்டால், வசதியில்லாத குடும்பம் என்ற அடிப்படையில், 2009இல் தொடங்கிய இந்திய சமூக நல நிதியிலிருந்து உதவி கேட்கலாம். இந்த நிதி இருப்பதே பலருக்குத் தெரியவில்லை. நிர்க்கதியானவர்களுக்குத் தங்குமிடம், விமான டிக்கெட், அவசர மருத்துவம், சட்ட உதவி ஆகியவற்றுக்கும் இதிலிருந்து செலவு செய்ய விதிகள் இடம் தருகின்றன. தானாகக் கிடைக்காது, கேட்க வேண்டும். மனுவில் குடும்ப வருமானத்தையும் எழுதுங்கள்.

சம்பளப் பாக்கி, பாஸ்போர்ட் பறிப்பு போன்றவற்றில் தூதரகம் முதலாளியோடு பேசும், அந்த நாட்டுத் தொழிலாளர் துறைக்கு வழிகாட்டும். பாஸ்போர்ட் இல்லாதவருக்கு ஊர் திரும்ப அவசரச் சான்று தரும். வளைகுடாவில் அதை 'அவுட்பாஸ்' என்பார்கள். அது கையில் இருந்தாலும், அந்த நாட்டில் கட்ட வேண்டிய அபராதமும் நிலுவையில் உள்ள வழக்கும் அப்படியேதான் இருக்கும்.

எனக்கு அதிகக் கவலை தருவது படித்த பிள்ளைகள். தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி, கை நிறையச் சம்பளம் என்று போனில் வரும் விளம்பரத்தை நம்பிப் போகிறவர்களை மியான்மரின் மியாவதி பக்கம் கடத்திப்போய் இணைய மோசடி வேலை செய்ய வைக்கிறார்கள். வெளியுறவு அமைச்சகம் 2022 முதலே எச்சரித்து வருகிறது. 2025 மார்ச்சில் 500க்கும் மேற்பட்ட இந்தியர்களை விமானப் படை விமானங்களில் தாய்லாந்து வழியாக மீட்டு வந்தார்கள். ஆனால் ஆயுதக் குழுக்கள் ஆளும் இடத்துக்குள் தூதரக அதிகாரி நேரில் நுழைய முடியாது. டூரிஸ்ட் விசாவில் வேலைக்கு அனுப்புகிறேன் என்று சொல்லும் ஏஜென்டிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ஏஜென்டின் பதிவு உண்மையா என்று வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்க்கலாம். பத்தாவது முடிக்காதவர்கள் வேலைக்கு வெளிநாடு போக நம் அரசு தரும் முறையான அனுமதியோடு வளைகுடாவுக்கோ மலேசியாவுக்கோ போனால், விபத்து மரணத்துக்கு 10 லட்சம் ரூபாய் காப்பீடும் கூட வரும். விசிட் விசாவில் போனவருக்கு அது இல்லை.

துயரம் இல்லாத வேலைகளும் தூதரகத்தில் நிறைய நடக்கின்றன. தோட்டத்தை விற்க அமெரிக்காவிலிருக்கும் மகன் இந்தியத் துணைத் தூதரகத்தில் கையெழுத்திட்டுப் பவர் பத்திரம் அனுப்புவார். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். பீரோவில் பத்திரமாக வைத்துவிட்டு ஆறு மாதம் கழித்துக் கொண்டுவருகிறார்கள். இன்னொன்று, அந்த மகன் அமெரிக்கக் குடிமகன் ஆகிவிட்டால், வெளிநாட்டுக் குடிமகனான இந்திய வம்சாவளியினருக்கு நம் அரசு தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும் ஆபத்தில் அவருக்குக் கைகொடுக்க வேண்டியது அமெரிக்கத் தூதரகம்தான்.

வெளிநாடு போகிறவரின் பாஸ்போர்ட், விசா, வேலை ஒப்பந்தம் இவற்றின் நகலையும், முதலாளியின் போன் எண், தங்கும் கேம்ப்பின் முகவரி இவற்றையும் கிளம்பும் முன்பே வாங்கி வீட்டில் வையுங்கள். "துபாயிலதானுங்க இருக்கான்" என்பது போதாது. துபாய், ஷார்ஜா என்றால் துபாய் துணைத் தூதரகம், அபுதாபி என்றால் அங்குள்ள தூதரகம். சவுதியில் தம்மாம் ரியாத்துக்குக் கீழ், மக்கா ஜித்தாவுக்குக் கீழ் வரும். பிரச்சினை வந்தால் அன்றைக்கே வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' தளத்தில் பதிவு செய்து புகார் எண் வாங்குங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் கொடுக்கும் மனுவிலும், சென்னையிலுள்ள அயலகத் தமிழர் நலத் துறைக்கு அனுப்பும் மனுவிலும் அந்த எண்ணை மேலேயே எழுதிவிடுங்கள். மூன்று இடத்திலும் ஒரே பெயர், ஒரே பாஸ்போர்ட் எண், ஒரே விவரம் இருக்கட்டும்.