டிரை ஒயின் 'உலர்' ஒயின் அல்ல

ஆஸ்திரேலிய ஒயின் பற்றித் தமிழில் வரும் பயணக் கட்டுரை, காணொளியின் கீழே ஓடும் வரிகள், சுற்றுலா விளம்பரத் துண்டு என்று எதை எடுத்தாலும் ஆங்கிலத்தின் டிரை (dry) ஒயினை 'உலர் சிவப்பு ஒயின்', 'உலர் வெள்ளை ஒயின்' என்றே போட்டுவைக்கிறார்கள். சில இடங்களில் 'வறண்ட ஒயின்'. அண்மையில் தெற்கு ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கு பற்றிய ஒரு கட்டுரையில் 'மிகவும் உலர்ந்த ரீஸ்லிங்' என்று படித்தேன், ரீஸ்லிங் ஒரு வெள்ளை ஒயின். ஊற்றிக் குடிக்கிற ஒன்றை உலர்ந்தது என்று சொன்னால் தமிழ் வாசகர் அதிலிருந்து எதைப் புரிந்துகொள்வார்?

டிரை என்பதற்கு இங்கே ஒரே பொருள்தான்: இனிப்பு இல்லை. திராட்சைச் சாற்றிலுள்ள சர்க்கரையை ஈஸ்ட் தின்று ஆல்கஹாலாக மாற்றுகிறது. லிட்டருக்கு சுமார் 17 கிராம் சர்க்கரை இப்படி மாறினால் ஒரு சதவீத ஆல்கஹால் கிடைக்கும். சர்க்கரை ஏறக்குறைய முழுவதும் தீரும்வரை நொதிக்க விட்டால் அது டிரை ஒயின். ஐரோப்பிய விதிப்படி லிட்டருக்கு 4 கிராம் வரை மிச்சமிருக்கலாம், புளிப்பு தூக்கலாக இருந்தால் 9 கிராம் வரைக்கும் போகலாம். அவ்வளவுதான் விஷயம். சொல்லின் பிறப்பும் சுருக்கமானது: பிரெஞ்சில் செக், இத்தாலியனில் செக்கோ, ஜெர்மனில் ட்ரோக்கன், எல்லாமே காய்ந்தது என்ற பொருளுள்ள சொற்கள், ஆங்கிலமும் அதே வழியில் போனது.

'உலர்' கட்சிக்காரர்கள் இதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். ஐரோப்பாவே காய்ந்தது என்று சொல்லும்போது நாம் சொன்னால் என்ன என்கிறார்கள். என்னவென்றால், அந்த மொழிகளில் இந்தச் சொல் பல தலைமுறையாகக் குடிக்கிறவர்கள் வாயில் புழங்கி, ஒயினுக்கு என்று வரும்போது ஈரத்தோடு சம்பந்தமே இல்லாத தனிப்பொருளாக ஆகிவிட்டது. தமிழில் 'உலர்' என்ற சொல் ஈரம் போவதைத்தான் குறிக்கிறது, அதுவும் திராட்சைக்கு அருகில் வந்துவிட்டால் அதற்கு ஏற்கெனவே ஒரு பொருள் இருக்கிறது. உலர் திராட்சை. பாயசத்தில் போடுவது. 'உலர் திராட்சை மது' என்று எழுதினால் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் உலர்ந்த திராட்சையில் செய்த மது என்றுதான் படிப்பார்கள், அப்படிப் படிப்பதில் அவர்கள் தப்பு எதுவும் இல்லை.

இதில் பெரிய சிக்கல், அப்படியொரு ஒயின் உண்மையிலேயே இருக்கிறது. விக்டோரியாவின் வடகிழக்கில் ரதர்க்ளென் என்ற ஊர். அங்கே மஸ்கட் வகைத் திராட்சையைக் கொடியிலேயே சுருங்கி வற்ற விட்டுப் பறிப்பார்கள். பிழிந்த சாறு கொஞ்சம் நொதித்ததுமே திராட்சைச் சாராயத்தைச் சேர்த்து நொதித்தலை நிறுத்திவிடுவார்கள், சர்க்கரை அப்படியே தங்கிவிடும். பிறகு பீப்பாய்களில் வருடக்கணக்கில், சிலது பத்தாண்டுகளுக்கும் மேலாக, கிடக்கும். கடைசியில் கிண்ணத்தில் ஊற்றினால் கரும்பழுப்பாக, ஓரத்தில் லேசான பச்சைச் சாயலோடு, சுவரில் ஒட்டி மெதுவாக வழியும். லிட்டருக்கு 200 கிராம் சர்க்கரையைத் தாண்டுவது அங்கே சாதாரணம். உலகத்திலேயே மிக இனிப்பான ஒயின்களில் ஒன்று அது. 'உலர்' என்ற சொல்லை நம்பிப் போகிற தமிழர் இனிப்பே இல்லாததைத் தேடுகிறார் என்றால் அந்தச் சொல் அவரை நேரே இங்கேதான் கொண்டுவந்து விடும். பொருளை நேர் எதிராகத் திருப்பிவிடுகிற மொழிபெயர்ப்பை எப்படி ஏற்றுக்கொள்வது?

டிரை என்று கண்டாலே உலர் என்று போடுகிற பழக்கம் நம் மொழிக்கே ஒவ்வாதது. காய்ந்த இஞ்சி நமக்கு சுக்கு. காய்ந்த மீன் கருவாடு, காய்ந்த தேங்காய் கொப்பரை, காய்ந்த இலை சருகு, காய்ந்த குச்சி சுள்ளி. சளி வராத இருமல் வறட்டு இருமல், யாரும் உலர் இருமல் என்பதில்லை. டிரை டே என்றால் மதுக்கடை விடுமுறை. ஆங்கிலத்தில் ஒரே சொல் நிற்கிற இடங்களில் எல்லாம் தமிழ் அந்தந்தப் பொருளைப் பார்த்துத் தனித்தனிச் சொல் வைத்திருக்கிறது. ஒயினுக்கு மட்டும் ஏன் அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்ட வேண்டும்?

'வறண்ட' என்கிறவர்களின் வாதம் வேறு மாதிரி. குடித்தால் நாக்கு வறண்டு போகிறது, அதனால்தான் அந்தப் பெயர் என்கிறார்கள். அங்கேதான் இரண்டு வேறு சங்கதிகள் குழம்புகின்றன. நாக்கை வறட்டி, ஈறைப் பிடித்து இழுப்பது டானின், திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வருவது. அதற்கும் சர்க்கரைக்கும் தொடர்பில்லை. இனிப்பான ஒயினிலும் டானின் இருக்கலாம், இனிப்பே இல்லாத வெள்ளை ஒயினில் அது பெயருக்குத்தான் இருக்கும். தெற்கு ஆஸ்திரேலியாவின் கூனவாரா என்ற பகுதியின் சிவப்பு ஒயினான கேபர்னே சோவின்யோனை எடுத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்புக் கல்லின் மேல் மெல்லிய செம்மண் படுகை, குளிர்ந்த பருவம், நாள் எடுத்துப் பழுக்கும் சிறிய தடித்த தோல் பழம். இளம் ஒயினாக ஒரு வாய் எடுத்து விழுங்கினால் பாக்கு மென்றதுபோல் கன்னத்தின் உட்புறம் சுருங்கும். அதைச் சொல்ல அறுசுவையிலேயே சொல் இருக்கிறது: துவர்ப்பு. இவ்வளவு துல்லியமான சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பக்கம் 'வறட்சி' என்றும், மறுபக்கம் 'கசப்பு' என்றும் எழுதுகிறார்கள். கசப்பு பாகற்காயில் இருப்பது, துவர்ப்பு வாழைப்பூவில் இருப்பது, சமையல் தெரிந்த எவரும் இரண்டையும் ஒன்றாக்க மாட்டார்.

என் சொல் 'இனிப்பில்லாத ஒயின்'. தலைப்புக்குச் சுருக்கமாக வேண்டுமென்றால் 'இனிப்பிலா ஒயின்'. 'தீஞ்சுவையற்ற மது' என்று ஒரு நண்பர் சொன்னார், தூய தமிழ்தான், ஆனால் 'தீ' என்று தொடங்குவதால் கெட்ட சுவை இல்லாதது என்று ஒருவர் படித்துவிட்டால் மறுபடியும் தலைகீழ். தூய்மையில் எனக்கும் ஆசை உண்டு, இருந்தாலும் தெளிவு முதலில் வரட்டும்.

இதற்கும் ஒரு மறுப்பு வரும். தெற்கு ஆஸ்திரேலியாவின் பரோசாவில் செய்யும் ஷிராஸ் என்ற சிவப்பு ஒயினைக் குடித்துவிட்டு, இது தித்திக்கிறதே, இதையா இனிப்பில்லாதது என்கிறீர்கள் என்பார்கள். நியாயமான கேள்வி. பரோசாவின் வெயிலில் நன்றாகப் பழுத்த பழம், 14, 15 சதவீத ஆல்கஹால், இரண்டும் சேர்ந்து தித்திப்பு போன்ற ஒரு நினைப்பைத் தருகின்றன. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் குடித்துப் பாருங்கள், பழவாசம் நின்றதும் அந்தத் தித்திப்பில் பெரும்பகுதி காணாமல் போகும். நியூ சவுத் வேல்ஸின் ஹண்டர் பள்ளத்தாக்கில் செய்யும் செமியோன் என்ற வெள்ளை ஒயின் இன்னும் நல்ல உதாரணம். சர்க்கரை ஏறுவதற்கு முன்பே பறித்து, 10, 11 சதவீத ஆல்கஹாலில், மரப்பீப்பாய் காட்டாமல் செய்வார்கள். புதிதில் எலுமிச்சைத் தண்ணீர் போல வெடுக்கென்று இருக்கும். பத்து வருடம் பாட்டிலில் கிடந்தால் தேனும் வாட்டிய ரொட்டியும் மணக்கும், ஆனால் நாக்கில் ஒரு துளி இனிப்பு இருக்காது. தேன் மணம், இனிப்பில்லாத சுவை: தமிழில் சொல்லிவிட்டாலே வாசகருக்கு விளங்கிவிடுகிறது. 'தேன் மணமுள்ள உலர் ஒயின்' என்றால் எவருக்கு விளங்கும்?

அதேபோல கிளேர், ஈடன் பள்ளத்தாக்கு ரீஸ்லிங்குகள். அநேகமாக எல்லாமே இனிப்பில்லாதவை, புளிப்புதான் அவற்றின் முதுகெலும்பு, வயதாக ஆக மண்ணெண்ணெய் போன்ற வாசம் எழும், பழகியவர்கள் அதைத் தேடிப் போவார்கள். சில தயாரிப்பாளர்கள் கொஞ்சம் சர்க்கரையை வேண்டுமென்றே மிச்சம் வைப்பதுண்டு. அதற்கு 'பாதி உலர்' என்று எழுதுகிறார்கள், பாதி காய்ந்த துணி மாதிரி. இளஞ்சூடு, இளஞ்சிவப்பு என்று சொல்கிற மொழியில் 'இளந்தித்திப்பு' என்று சொல்ல என்ன தடை?

குமிழி ஒயினுக்கு வந்தால் 'உலர்' முற்றிலும் கைவிட்டுவிடும். அங்கே எக்ஸ்ட்ரா டிரை என்று போட்டிருப்பது, இனிப்பு குறைந்த குமிழி ஒயினுக்கு இடும் பெயரான புரூட்டைவிட இனிப்பு கூடியது, புரூட்டுக்கு உச்சவரம்பு லிட்டருக்கு 12 கிராம், எக்ஸ்ட்ரா டிரை 17 வரை. டாஸ்மேனியாக் குமிழி ஒயினை வாங்கப் போகிறவரிடம் 'மிகை உலர்' என்று சொல்லி அனுப்பினால் அவர் கேட்டதும் கிடைப்பதும் வேறாகிவிடும். இந்த இரண்டையும் புரூட், எக்ஸ்ட்ரா டிரை என்று தமிழ் எழுத்தில் அப்படியே எழுதி, பக்கத்தில் சர்க்கரை அளவைப் போடுவதுதான் உத்தமம்.

இது ஒரு சொல்லோடு நின்றிருந்தால் இத்தனை எழுதியிருக்க மாட்டேன். ஆங்கிலத்தின் ஃபுல் பாடி (full-bodied) 'முழு உடல் சிவப்பு ஒயின்' என்று வருகிறது, ஒயினுக்கு ஏது உடல்? வாயில் கனமாக நிற்கிறது என்பதுதானே சேதி, 'கனத்த ஒயின்' என்றால் போதும். பண்ணையிலேயே உட்கார வைத்துச் சுவைக்கக் கொடுக்கும் இடத்தை ஆஸ்திரேலியாவில் செல்லர் டோர் என்பார்கள், அதை 'பாதாள அறைக் கதவு' ஆக்கியிருந்தார்கள் ஒரு சுற்றுலாக் குறிப்பில். மொழிபெயர்த்தவர் ஒரு வாய்கூடச் சுவைக்க வேண்டாம், அது அவர் விருப்பம், ஆனால் அது என்ன இடம் என்று ஒருவரிடம் கேட்டிருக்கலாம். சுவைக்கூடம் என்று எழுதினால் விலாசம் தேடுகிறவர் கதவைத் தேடாமல் கட்டடத்துக்குள் போவார்.