அரிசி மூட்டைத் தையலும் கைலித் தையலும்

அரிசி மூட்டைய பிரிச்சிருக்கீங்களா? சரியான நூல் முனைய பிடிச்சுட்டா சர்ர்ருனு ஒரே இழுப்புல மொத்தத் தையலும் கையோட வந்துடும். கைலிய அப்படி இழுத்தா வராது (வந்துடவும் கூடாது, பர்மாவுல எங்க யாங்கோன் ரோட்டுல பாதிப் பேரு அதைத்தான் கட்டிட்டு நடக்குறோம்).

மூட்டைல இருக்கறது சங்கிலித் தையல், வளையத்துக்குள்ள வளையம், கடைசி ஒண்ணு அவுந்தா எல்லாம் போச்சு. கைலில ரெண்டு நூல், மேல ஊசில ஒண்ணு, கீழ பாபின்ல, அதாவது நூல் சுத்துன சின்ன உருளைல, ஒண்ணு. 1846ல அமெரிக்காவுல எலியாஸ் ஹோவ் பேட்டன்ட் வாங்குன மெஷின்லயே இதே ரெண்டு நூல் கதைதான்.

ஆனா மெஷின் ஊசி கை ஊசி மாதிரி முழுசா துணிய தாண்டி அந்தப் பக்கம் போறதே இல்லையே, முனைல இருக்கற காதோட இறங்கி அப்படியே திரும்பி வருது, பின்ன கீழ் நூலோட எப்படி மாட்டுது? எனக்கு ரொம்ப நாள் புரியல. மாமா கடைல கால் மெஷின் சக்கரத்தை கையால மெதுவா சுத்திப் பார்த்தப்பதான் விளங்குச்சு. ஊசி அடி வரைக்கும் இறங்கிட்டு ஒரு ரெண்டு மில்லிமீட்டர் ஏறும், அப்ப ஒரு பக்கத்து நூல் ஊசில இருக்கற நீளப் பள்ளத்துக்குள்ள பதுங்கி வழுக்கிட்டு ஏறிடும், மறுபக்கம் அந்தப் பள்ளம் இல்லாததால துணில உரசி ஏற முடியாம நூல் வெளிய புடைச்சு சின்ன வளையமா நிக்கும். கரெக்டா அந்த நேரம் துணிக்கு அடியில இருக்கற கொக்கி வந்து வளையத்தை பிடிச்சு விரிச்சு பாபினையே சுத்திப் போட்டுடும். மேல ஏறி இறங்குற கம்பி நூலை வெடுக்குனு இழுக்க, ரெண்டும் துணிக்கு நடுவுல பூட்டிக்கும்.

பனியன் துணில தையல் விட்டு விட்டு விழுறதும் இதனாலதான், துணியும் ஊசியோட சேந்து ஏறிட்டா வளையம் எங்க புடைக்கும்? அடியில நூல் கொசகொசன்னு சிக்குனா எல்லாரும் பாபினைத் திட்டுவாங்க, "மேல் நூலை மறுபடி கோருடா" ம்பாரு மாமா, அவர் சொல்றதுதான் முக்கால்வாசி சரியா இருக்கும்.

போன வாரம் அக்கா பொண்ணோட பச்சை ஸ்கூல் கைலி கட்டையாயிடுச்சுனு கொண்டு போனேன். மாமா கீழ் மடிப்புத் தையல்ல ஒரு பக்கத்து நூலை மட்டும் நாலு தையலுக்கு ஒருதரம் பிளேடால தொட்டாரு, திருப்பிப் போட்டு இன்னொரு நூலை இழுத்தாரு, முழுசா வந்துடுச்சு. மடிப்புக்குள்ள ஒரு விரல் அகலத்துக்கு சாயம் போகாத கரும்பச்சை.