பேட்டருக்கு ஹெல்மெட், பிட்சருக்குத் துணித்தொப்பியா?

2025 அக்டோபர் 17 அன்று ஷோஹெய் ஒஹ்தானி ஆடிய ஆட்டம், பேஸ்பால் பக்கமே போகாதவர்களின் கைப்பேசிக்கும் வந்து சேர்ந்தது. மில்வாக்கி அணிக்கு எதிராகப் பந்து வீசிப் பத்துப் பேரை வெளியேற்றினார்; அதே ஆட்டத்தில் மட்டை பிடித்து மூன்று ஹோம் ரன்களும் (கிரிக்கெட்டின் சிக்ஸர் போல, வேலியைத் தாண்டும் அடி) அடித்தார். அதைப் பார்த்த வாசகர் ஒருவர் கேட்கிறார்: "அடிக்க வரும்போது ஹெல்மெட் போட்டிருக்கிறார். பந்து வீச வரும்போது துணித்தொப்பியோடு நிற்கிறார். எதிராளி அடிக்கிற பந்து நேராக இவர் மண்டைக்குத்தானே வரும்? அப்போது மட்டும் எதற்கு இந்த வீரம்?"

நியாயமான கேள்வி. அன்று ஒஹ்தானி அடித்த மூன்று பந்துகளும் மட்டையை விட்டுக் கிளம்பிய வேகம் மணிக்கு 180 கி.மீ.க்கு மேல். அவற்றில் ஒன்று மேலே எழும்பாமல், பந்து வீசுபவரான பிட்சரின் நெற்றி உயரத்தில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

முதலில் நேரக் கணக்கை முடித்துவிடுவோம். பிட்சர் கால் வைக்கும் கட்டைக்கும், பேட்டர் நிற்கும் இடத்தில் பதித்திருக்கும் ஹோம் பிளேட்டுக்கும் 18.44 மீட்டர், 1893 முதல் இதே தூரம்தான். வீசி முடிப்பதற்குள் நீளமாக ஓர் எட்டு வைத்துவிடுவதால் மிஞ்சுவது ஏறக்குறைய 16.5 மீட்டர். மட்டையில் சரியாகப் பட்ட பந்து எவ்வளவு வேகத்தில் திரும்பும் என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு: வந்த பந்தின் வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கு, அதோடு மட்டையின் வேகத்தைப் போல் 1.2 மடங்கு. 150 கி.மீ. வேகத்தில் வீசிய பந்தை 115 கி.மீ. வேகத்தில் சுழன்ற மட்டை சந்தித்தால் 30 + 138, ஆக 168 கி.மீ. பிட்சர் எவ்வளவு வேகமாக வீசுகிறாரோ, அதில் ஐந்தில் ஒரு பங்கு அவருக்கே திரும்பி வருகிறது.

காற்று கொஞ்சம் தடுத்தாலும் அந்தப் பந்து பிட்சரை அடைய 0.37 நொடி போதும். கண் பார்த்து, மூளை முடிவெடுத்து, தசை அசையத் தொடங்கவே 0.2 நொடி போய்விடும். பேட்டருக்கும் கிட்டத்தட்ட இதே நேரம்தான் என்றாலும், அவர் பந்தை எதிர்பார்த்து இரண்டு காலையும் ஊன்றி நிற்கிறார். பிட்சர் அந்த நொடியில் ஒற்றைக்காலில் முன்னால் சரிந்துகொண்டிருப்பார்.

2012 செப்டம்பர் 5 அன்று ஓக்லண்ட் அணியின் பிட்சர் பிராண்டன் மெக்கார்த்திக்கு இதுதான் நடந்தது. ஏஞ்சல்ஸ் அணியின் எரிக் ஐபார் அடித்த பந்து தலையின் பக்கவாட்டில் பட்டது. கீழே விழுந்தவர் எழுந்து உட்கார்ந்தார்; மைதானத்தை விட்டு நடந்தே வெளியேறினார். அன்றே மண்டை ஓட்டைத் திறந்து இரண்டு மணி நேரம் அறுவை சிகிச்சை செய்ய வேண்டியிருந்தது.

நடந்து போனவருக்கா என்று தோன்றும். கண்ணுக்கும் காதுக்கும் இடையே உள்ள நெற்றிப்பொட்டில் எலும்பு மெல்லியது. அதன் உட்புறத்தை ஒட்டி, பள்ளம் போன்ற தடத்தில் ஒரு தமனி ஓடுகிறது. எலும்பு விரிசல் கண்டால் தமனியும் கிழியலாம். கசியும் ரத்தம், எலும்போடு ஒட்டியிருக்கும் மூளையுறையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக்கொண்டு சேர வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும். அதுவரை அடிபட்டவர் தெளிவாகப் பேசிக்கொண்டிருப்பார். மூளை அழுந்திய பிறகுதான் மயங்கி விழுவார். "நல்லாத்தான் இருக்கேன்" என்பவரையும் ஸ்கேனுக்கு அனுப்புவது இதனால்தான்.

ஆகவே பிட்சரின் தொப்பிக்கு முதல் வேலை அந்த மெல்லிய எலும்பை விரிசல் விடாமல் காப்பது. இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த பொருள் வருகிறது: நுரை. பைக் ஹெல்மெட்டுக்குள் தெர்மாகோல் போல வெள்ளையாக இருக்கிறதே, அதேதான்.

கேட்ச் பிடிக்கும்போது கையைப் பின்னால் இழுத்தால் வலிக்காது என்பது பள்ளிப் பாடம். நிற்கும் தூரம் கூடினால் விசை குறையும். பேஸ்பால் பந்தின் எடை சுமார் 145 கிராம். நொடிக்கு 43 மீட்டர் வேகத்தில் வரும் அதை 1 செ.மீ. தூரத்துக்குள் சீராக நிறுத்தினால், தலையில் விழும் விசை ஏறக்குறைய 1,350 கிலோ எடைக்குச் சமம். 2 செ.மீ. கொடுத்தால் 680 கிலோ, 4 செ.மீ. கொடுத்தால் 340. பந்தும் தலையும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும் என்பதால் நிஜ எண்கள் மாறும். ஆனாலும் ஒவ்வொரு மில்லிமீட்டரும் தங்கம் என்பது மாறாது.

"சீராக" என்ற சொல்லில்தான் நுரையின் சாமர்த்தியம் இருக்கிறது. ஸ்பிரிங்கை அழுத்தினால் தொடக்கத்தில் இளகி, போகப்போக விறைக்கும். கடைசியில்தான் முழு பலத்தோடு எதிர்க்கும். நுரை அப்படி நடப்பதில்லை. அது ஆயிரக்கணக்கான நுண்ணறைகளின் அடுக்கு. ஓர் அளவு விசை வரை அறைச்சுவர்கள் தாங்கும். அதைத் தாண்டியதும் பலவீனமான ஒரு வரிசை மடியும், பிறகு அடுத்த வரிசை, அதற்கடுத்தது. வரிசைகள் சரியச் சரிய விசை ஏறக்குறைய அதே அளவில் நிற்கும். அந்த அளவை எலும்பு தாங்கும் வரம்புக்குச் சற்றுக் கீழே வைத்துவிட்டால், எலும்பு உடைவதற்கு முன் நுரை உடைந்துகொண்டே இருக்கும்.

சிக்கல் இரண்டு. மூன்றில் இரண்டு பங்கு வரை நசுங்கியதும் அறைகளெல்லாம் மூடிக்கொள்ளும். அதன் பிறகு நுரை வெறும் பிளாஸ்டிக் கட்டி. 2 செ.மீ. தூரம் வேண்டுமானால் 3 செ.மீ. தடிப்பு வேண்டும். இரண்டாவது, பந்து சிறியது. அது அழுத்தும் சின்ன வட்டத்துக்குக் கீழே உள்ள நுரை மட்டும் சட்டென்று துவண்டுபோகும், சுற்றிலும் இருப்பது சும்மா வேடிக்கை பார்க்கும். எனவே மேலே கெட்டியான ஓடு ஒன்று வேண்டும். அடியை அகலமாகப் பரப்பி, அதிக நுரையை வேலைக்கு இழுக்கும். ஓடும் நுரையும் சேர்ந்தால்தான் ஹெல்மெட்.

2014 ஜனவரியில் அமெரிக்காவின் முதன்மை பேஸ்பால் லீக்கான மேஜர் லீக் அனுமதித்த ஐசோபிளாக்ஸ் தொப்பி இந்த இரண்டையும் துணிக்குள் ஒளிக்கப் பார்த்தது. முன்பக்கத் தாக்குதலுக்கு மணிக்கு 145 கி.மீ. வரையும், பக்கவாட்டில் 137 வரையும் தாங்கும் என்றார்கள். 2014 ஜூன் 21 அன்று சான் டியாகோவின் அலெக்ஸ் டோரஸ் அதை அணிந்து வீசிய முதல் மேஜர் லீக் பிட்சரானார். மண்டை பெருத்தாற்போல் தெரிந்தது, கேலிக்குக் குறைவில்லை. மெக்கார்த்தியே அது பெரிதாகவும் சூடாகவும் இருக்கிறது என்று மறுத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஒவ்வொரு வீச்சிலும் தலையை வெட்டித் திருப்பும் ஒருவருக்கு, மேலே கூடும் ஒவ்வொரு கிராமும் தெரியும்.

ஆனால் "இது மூளை அதிர்ச்சியைத் தடுக்காதே" என்று சொல்லி ஒதுக்குவதை ஏற்க முடியவில்லை. உண்மைதான், தடுக்காது. பந்து கொண்டுவரும் உந்தம் முழுவதும் எப்படியும் தலைக்குள் போயே தீரும். நுரையால் அதைச் சற்று நீட்டித்துக் கொடுக்கத்தான் முடியும். தலை வெடுக்கென்று திரும்புவதால் மூளை குலுங்குவதற்குத் தொப்பியிடம் பெரிய மருந்து இல்லை. எலும்பு முறிவும் தமனிக் கிழிசலும் வேறு விஷயம். அவற்றை உறுதியாகக் குறைக்கலாம். ஒன்றைத் தடுக்காத காரணத்துக்காக இன்னொன்றையும் விட்டுவிடுவது என்ன நியாயம்?

இதே ஆட்டக்காரர்கள் ஒரு காலத்தில் ஆட்டத்திறனைக் கூட்டும் என்று நம்பி டைட்டானியம் கலந்த கழுத்துக் கயிறுகளை வரிசையாக மாட்டிக்கொண்டு திரிந்தார்கள். எந்த ஆதாரமும் கிடையாது. டர்க் வெண்டல் என்ற பிட்சர் ராசிக்காக இன்னிங்ஸுக்கு இன்னிங்ஸ் பல் தேய்ப்பார். கயிறுக்கு இருந்த மரியாதையில் கால்வாசி, பரிசோதனைக்கூடத்தில் பீரங்கி வைத்துச் சோதித்த தொப்பிக்குக் கிடைத்திருந்தால் போதும்.

கிரிக்கெட்டிலும் இதே கதைதான். 2015 டிசம்பரில் திண்டுக்கல்லில் தமிழ்நாடு–பஞ்சாப் ரஞ்சி ஆட்டத்தில், நேராக அடித்த பந்து ஆஸ்திரேலிய நடுவர் ஜான் வார்டின் தலையைத் தாக்கியது. அடுத்த மாதம் கான்பெராவில் இந்தியா ஆடிய ஒருநாள் போட்டிக்கு அவர் ஹெல்மெட்டோடு வந்தார். கேலிக்கு அஞ்சுபவர் அல்ல போலும்.

மெல்லிய, நல்ல தொப்பி இன்னும் ஏன் வரவில்லை? சந்தை சின்னது. முப்பது அணிகள், அணிக்கு அதிகபட்சம் 13 பிட்சர்கள். நானூறு பேருக்காக எந்த நிறுவனம் வருடக்கணக்கில் ஆராய்ச்சிக்குச் செலவழிக்கும்? கோடிகளில் புரளும் லீக்தான் அந்தப் பணத்தைப் போட வேண்டும் என்பது என் கருத்து. கட்டாயமாக்கும் விதி ஒன்றுக்கும் முன்மாதிரி இருக்கிறது. 1920இல் ரே சாப்மேன் என்ற பேட்டர் தலையில் பந்து பட்டு இறந்த பிறகும், பேட்டருக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்க 1971 ஆயிற்று. அதுவும் புதிதாக வருபவர்களுக்கு மட்டும். பழையவர்களை அவர்கள் போக்கில் விட்டார்கள். ஹெல்மெட் இல்லாமல் கடைசியாக மட்டை பிடித்தவர் பாப் மாண்ட்கோமரி, 1979இல். பிட்சர்களுக்கும் அப்படியே செய்யலாம்.

முகத்துக்கு எந்தத் தொப்பியும் உதவாது. 1957இல் கிளீவ்லாந்தின் பிட்சர் ஹெர்ப் ஸ்கோருக்குக் கண்ணருகே பந்து பட்டது. 2014இல் இன்னொரு பிட்சர் அரோல்டிஸ் சாப்மேனுக்கு நெற்றியிலும் கண்ணுக்கு மேலும் எலும்பு உடைந்து உலோகத் தகடு வைத்தார்கள். அதற்குக் கம்பி முகக்கவசம்தான் வழி. அமெரிக்காவில் பேஸ்பாலைப் போன்ற சாஃப்ட்பால் ஆடும் பெண்களில் பலர், பேட்டருக்கு இன்னும் நெருக்கமாக, 13 மீட்டரில் நின்று, அதை மாட்டிக்கொண்டேதான் வீசுகிறார்கள்.