35 என்று எழுதிய பிறகு வரும் பத்து நொடிகள்

எட்டு வயதுக் குழந்தை 52-இலிருந்து 27-ஐக் கழித்து 35 என்று எழுதிவிட்டு நிமிர்கிறது. அது பார்ப்பது நோட்டை அல்ல, பெற்றோரின் முகத்தை. அடுத்த பத்து நொடிகளில் அந்த முகத்தில் சலிப்பு வருகிறதா, பதற்றம் வருகிறதா, ‘எங்கே காட்டு’ என்ற ஆர்வம் வருகிறதா என்பதை வைத்துத் தன்னைப் பற்றி ஒரு முடிவு கட்டிக்கொள்கிறது. முந்தைய இரவு உட்காரவைத்துச் சொன்ன ‘தோல்விதான் வெற்றிக்குப் படி’ என்ற அறிவுரை இந்தப் பத்து நொடிகளுக்கு ஈடு கொடுப்பதில்லை.

இது வெறும் ஊகம் அல்ல. உளவியலாளர்கள் கைலா ஹைமோவிட்ஸும் கரோல் டுவெக்கும் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், ‘அறிவு வளரக்கூடியது’ என்று பெற்றோர் நம்புகிறார்களா இல்லையா என்பதைப் பிள்ளைகளால் சரியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் தோல்வியைப் பெற்றோர் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்பது பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது. அறிவைப் பற்றிய அவர்களின் சொந்த நம்பிக்கையும் அதை ஒட்டியே இருந்தது. உள்ளே இருக்கும் கொள்கை கண்ணுக்குத் தெரியாது. மதிப்பெண்ணைக் கேட்டதும் சுருங்கும் நெற்றி தெரியும்.

உள்ளே நடப்பது என்ன? எந்த முடிவு வந்தாலும் மனித மனம் அதற்கு ஒரு காரணம் தேடும். இந்தத் தேடலை ஆராய்ந்த பெர்னார்ட் வீனர், நாம் கண்டுபிடிக்கும் காரணங்களை மூன்று கேள்விகளால் பிரிக்கலாம் என்றார். காரணம் என்னிடம் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா? அது மாறுமா, மாறாதா? அதை மாற்றுவது என் கையில் இருக்கிறதா? ‘எனக்குக் கணக்கு வராது’ என்பது என்னிடம் இருப்பது, மாறாதது, என் கையில் இல்லாதது. இந்த மூன்றும் கூடினால் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவதுதான் புத்திசாலித்தனம். ‘நான் போட்ட வழி தப்பு’ என்பதும் என்னிடம் இருப்பதுதான், ஆனால் மாறக்கூடியது, என் கையில் இருப்பது. வெற்றி மனப்பாங்கு என்று பெரிதாகச் சொல்லப்படுவதில் பெரும்பகுதி, தவறு நேரும்போதெல்லாம் இந்த இரண்டாம் வகைக் காரணத்தைத் தேடிப் போகும் பழக்கம்தான்.

பாராட்டு இந்தத் தேடலை எப்படித் திருப்பிவிடுகிறது என்பதைக் கிளாடியா முல்லரும் டுவெக்கும் 1998-இல் சோதித்தார்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வடிவப் புதிர்கள் கொடுத்து, எல்லோரிடமும் ‘நன்றாகச் செய்தாய்’ என்றார்கள். அதன்பின் சிலரிடம் ‘நீ புத்திசாலி’, சிலரிடம் ‘நன்றாக உழைத்திருக்கிறாய்’ என்று ஒரே ஒரு வாக்கியம் கூடுதலாகச் சொன்னார்கள். அடுத்து வேண்டுமென்றே கடினமான புதிர்களைக் கொடுத்து எல்லோரையும் தடுமாற வைத்தார்கள். மூன்றாம் சுற்றில் மறுபடியும் முதல் சுற்று அளவுக்கு எளிய புதிர்கள். புத்திசாலி என்று கேட்டவர்களின் மதிப்பெண் முதல் சுற்றைவிட இறங்கியது. உழைப்புக்குப் பாராட்டு பெற்றவர்களுடையது ஏறியது. இன்னொன்றும் நடந்தது. முகம் தெரியாத வேறொரு பள்ளிப் பிள்ளைக்கு எழுதும் கடிதத்தில் தங்கள் மதிப்பெண்ணைக் குறிக்கச் சொன்னபோது, புத்திசாலி என்று பாராட்டப்பட்டவர்களில் 38 சதவீதம் பேர் கூட்டிச் சொன்னார்கள். உழைப்புக் குழுவில் 13 சதவீதம். மதிப்பெண்தான் ‘நான் யார்’ என்பதைச் சொல்கிறது என்று ஆகிவிட்டால், குறைந்த மதிப்பெண்ணை மறைக்கத்தான் தோன்றும்.

இதோடு நிறுத்திவிட்டால் பாதி உண்மைதான். யூ லீ, டிமோதி பேட்ஸ் இருவரும் 2019-இல் வெளியிட்ட சீன மாணவர்கள் மீதான ஆய்வில் இந்த விளைவு எதிர்பார்த்தபடி வரவில்லை. அதே ஆண்டு டேவிட் யேகர் குழு அமெரிக்கப் பள்ளிகளில் சுமார் 12,000 ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் செய்த பெரிய சோதனையில், ‘அறிவு வளரக்கூடியது’ என்று சொல்லும், ஒரு மணி நேரத்துக்கும் குறைவான கணினிவழிப் பாடம் பின்தங்கிய மாணவர்களின் மதிப்பெண் சராசரியை, 4 புள்ளி அளவுகோலில், 0.1 புள்ளி உயர்த்தியது. சிறிய பயன், ஆனால் செலவும் சிறியது. ‘மனப்பாங்கை மாற்று, எல்லாம் மாறும்’ என்று மேடையில் முழங்குபவர்களுக்கு இந்த எண்கள் ஆதரவு தருவதில்லை. நம்பிக்கை மட்டும் கணக்குப் போடாது. வழியும் தெரிய வேண்டும்.

அந்த 35-க்குத் திரும்புவோம். அது எப்படி வந்தது? பத்துகளில் 5-இலிருந்து 2 போக 3. ஒன்றுகளில் 2-இலிருந்து 7 போகாது. அதனால் 7-இலிருந்து 2-ஐக் கழித்து 5. குழந்தை ஒரு விதியைப் பிசகாமல் பின்பற்றியிருக்கிறது: பெரிய இலக்கத்திலிருந்து சின்னதைக் கழி. ஒற்றை இலக்கக் கழித்தலில் அந்த விதி ஒருபோதும் ஏமாற்றியதில்லை. பிள்ளைகளின் கழித்தல் தவறுகளில் பல இப்படித் தப்பான ஒரு விதியை ஒழுங்காகப் பின்பற்றும் ‘விதிப்பிசகுகள்’தான் என்று ஜான் சீலி பிரவுனும் ரிச்சர்ட் பர்ட்டனும் 1978-லேயே காட்டினார்கள்.

சிக்கல் எங்கே என்றால், இதே தப்பான விதி 64-இலிருந்து 21-ஐக் கழிக்கும்போது 43 என்ற சரியான விடையைத் தருகிறது. கடன் வாங்கத் தேவையில்லாத கணக்கெல்லாம் சரியாக வரும், தேவைப்படும் கணக்கெல்லாம் தவறும். ஒரு பக்கம் முழுக்க டிக்கும் பெருக்கல் குறியும் கலந்து கிடப்பதைப் பார்க்கும் பெற்றோருக்கு உடனே தோன்றுவது: ‘தெரியும், ஆனா கவனம் இல்லை.’ அவர்கள் ‘கவனமாப் போடு’ என்கிறார்கள். குழந்தை கவனமாகப் போடுகிறது, அதே விதியை இன்னும் கவனமாக. மறுபடியும் தப்பு. இப்போது அதனிடம் என்ன காரணம் மிச்சம் இருக்கிறது? கவனமாகவும் இருந்தாயிற்று, முயற்சியும் செய்தாயிற்று. அப்படியானால் எனக்கே வராது. வீனர் சொன்ன அந்த மோசமான முச்சேர்க்கை இப்படித்தான் பிறக்கிறது. கண்டித்ததால் வந்ததல்ல, நோயைத் தப்பாகக் கணித்ததால் வந்தது.

‘முயற்சியைப் பாராட்டுங்கள்’ என்ற அறிவுரை வீடுகளில் கெட்டுப்போவதும் இங்கேதான். தப்பான வழியில் பத்து முறை முட்டிய குழந்தையிடம் ‘பரவாயில்லை, நல்லா முயற்சி பண்ணினே’ என்றால், அது ஆறுதல் பரிசாகத்தான் போய்ச் சேரும். வளர்ந்த பிள்ளைகள் அதை ‘இவனிடம் இவ்வளவுதான் எதிர்பார்க்க முடியும்’ என்றே வாசிப்பார்கள். டுவெக்கே இந்தத் தவறான புரிதலைப் பற்றிப் பலமுறை எச்சரித்திருக்கிறார். முயற்சி, வழி, விளைவு மூன்றையும் சேர்த்துச் சொன்னால்தான் வாக்கியத்துக்கு எடை வரும்: “பத்துக் குச்சிக் கட்டைப் பிரிச்சுப் பார்த்தே, அதனாலதான் 25 வந்துச்சு.” மிகைப் பாராட்டு இன்னும் மோசம். எடி பிரம்மெல்மன் குழு 2014-இல் காட்டியபடி, ‘நம்ப முடியாத அளவுக்கு அழகு’ போன்ற மிகைச் சொற்களைக் கேட்ட தன்மதிப்புக் குறைந்த பிள்ளைகள் அடுத்த முறை எளிதான வேலையைத் தேர்ந்தெடுத்தார்கள். அத்தனை உயரத்தில் தூக்கி வைத்தால் விழுந்துவிடுவோமோ என்ற பயம்தான் முதலில் வரும்.

சரி, அந்தப் பத்து நொடியில் செய்ய வேண்டியது என்ன? முதலில் “எப்படிப் போட்டே, சொல்லு” என்று கேட்க வேண்டும். இந்தக் கேள்வியைச் சரியான விடைகளுக்கும் அவ்வப்போது கேட்டிருக்க வேண்டும். தப்பானவற்றுக்கு மட்டும் கேட்டால், கேள்வியே ‘தப்பு’ என்ற அறிவிப்பாகிவிடும், குழந்தை பதில் சொல்லாமல் அழிரப்பரை எடுக்கும். கேட்டபின் வாயை மூடிக்கொண்டு காத்திருப்பது கடினமான பகுதி. மேரி பட் ரோவ் வகுப்பறைகளில் அளந்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு நொடிதான் பொறுத்தார்கள்; அதை மூன்று நொடியாக்கியதும் மாணவர்களின் பதில்கள் நீண்டன, பேசாதவர்களும் பேசினார்கள். மனதுக்குள் மெதுவாக ஐந்து வரை எண்ணுங்கள்.

அடுத்து, உங்கள் கணிப்பைச் சோதியுங்கள். 83-இலிருந்து 46-ஐக் கழிக்கச் சொல்லுங்கள். 43 வந்தால் விதிப்பிசகு உறுதி. வேறு ஏதாவது வந்தால் நீங்கள்தான் தப்பு, மறுபடி கேட்க வேண்டும். உறுதியானதும் ‘தப்பு’ என்று அறிவிப்பதைவிட விடையையே பேச விடுவது மேல்: 35-ஐயும் 27-ஐயும் கூட்டச் சொல்லுங்கள். 62 வரும், 52 வராது. முரணைக் குழந்தையே கண்டுபிடித்த அந்தக் கணத்தில் பத்துப் பத்தாகக் கட்டிய ஐந்து குச்சிக் கட்டுகளையும் இரண்டு தனிக் குச்சிகளையும் முன்னால் வைத்து, 27 குச்சி எடுக்கச் சொல்லலாம். இரண்டு கட்டு எளிதாக வரும். ஏழு தனிக் குச்சி இருக்காது. கை ஒரு கணம் அந்தரத்தில் நிற்கும். பெரும்பாலான பெற்றோர் பொறுமை இழந்து கட்டைத் தாங்களே பிரிப்பதும் அப்போதுதான்.

பிரிக்காதீர்கள். ஜூலியா லியோனார்ட் குழு 2021-இல் வெளியிட்ட ஆய்வில், நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகள் கடினமான புதிரோடு மல்லாடும்போது பெரியவர் வாங்கி முடித்துக் கொடுத்தால், அடுத்த வேலையில் அவர்கள் சீக்கிரமே கைவிட்டார்கள். குறிப்பு கொடுத்தால் அந்தச் சேதம் இல்லை. இதே லியோனார்ட் 2017-இல் 15 மாதக் குழந்தைகளிடம் செய்த சோதனை எனக்கு இன்னும் பிடித்தது: ஒரு பெரியவர் பொம்மையைப் பெட்டியிலிருந்து எடுக்கப் போராடிக் கடைசியில் எடுப்பதைப் பார்த்த குழந்தைகள், சட்டென்று எடுத்ததைப் பார்த்தவர்களைவிட, தங்கள் பொம்மையின் பொத்தானை அதிக முறை அழுத்திப் பார்த்தார்கள். பேச்சு வராத வயதிலேயே ‘போராடினால் நடக்கும்’ என்பதைக் கண்ணால் படித்துக்கொள்கிறார்கள். ஆகவே மூடி திறக்கவில்லை, நூல் சிக்கிக்கொண்டது என்று நீங்களே திணறும் நேரங்களை மறைக்க வேண்டாம். வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள்: ‘இப்படித் திருப்பினா வரலை, அந்தப் பக்கமா பார்க்கிறேன்.’

எல்லா வீட்டிலும் பெற்றோரே சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதும் இல்லை. முதல், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைப் பற்றி எரின் மலோனி குழு 2015-இல் வெளியிட்ட ஆய்வின்படி, கணிதத்தைக் கண்டு பதறும் பெற்றோர் அடிக்கடி வீட்டுப்பாடத்தில் உதவியபோது பிள்ளைகள் அந்த ஆண்டு குறைவாகக் கற்றார்கள், அவர்களின் கணிதப் பயமும் கூடியது. அடிக்கடி உதவாதபோது அந்தத் தொடர்பு காணவில்லை. உங்களுக்குப் பதற்றம் வருகிறது என்றால், அந்தப் பாடத்தை வீட்டில் வேறொருவர் பார்ப்பது நல்லது.

பரிசு பற்றிச் சுருக்கமாக: ‘பத்துக் கணக்குப் போட்டா இது வாங்கித் தரேன்’ என்று முன்கூட்டியே பேரம் பேசுவது, குழந்தை விரும்பிச் செய்யும் வேலையைக் கெடுக்கும். மார்க் லெப்பர் குழுவின் 1973 சோதனையில், படம் வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்பே சொல்லப்பட்ட சிறுபிள்ளைகள், பிறகு சும்மா விட்டபோது மற்றவர்களில் ஏறக்குறைய பாதி நேரமே வரைந்தார்கள். எதிர்பாராமல் அதே சான்றிதழைப் பெற்றவர்களிடம் அந்தச் சரிவு இல்லை. பிடிக்காத வேலையைத் தொடக்கிவிட மட்டும் பரிசு உதவலாம்.

முட்டிக்கொள்ளும் கணத்துக்கு ஒரு முன்திட்டமும் கைகொடுக்கும். ‘இனிமே விட்டுடாம செய்யணும்’ என்பது எண்ணம், திட்டம் அல்ல. பீட்டர் கோல்விட்சர் வளர்த்த முறையில் வாக்கியம் இரண்டு துண்டாக இருக்கும்: இது நடந்தால், இதைச் செய்வேன். “மேல சின்ன எண், கீழ பெரிய எண் வந்தா, பேனாவை வச்சுட்டு ஒரு கட்டைப் பிரிப்பேன்.” அவரும் பாஸ்கல் ஷீரனும் 2006-இல் 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இப்படிச் சொல்லி வைத்தது செயலில் கணிசமான வித்தியாசம் காட்டியது. முதல் பாதி கண்ணில் படக்கூடிய அறிகுறியாக இருக்க வேண்டும். ‘கஷ்டமா இருந்தா’ என்று தொடங்கினால் அது எப்போது என்று குழந்தைக்குத் தெரியாது. ஒரு சமயத்தில் ஒரு வாக்கியம் போதும், அதைக் குழந்தையே தன் சொற்களில் சொல்லட்டும்.

அன்றே இருபது கணக்கு போடவைத்து ‘கத்துக்கிட்டான்’ என்று மூடிவைத்தால் ஏமாறுவீர்கள். பழைய விதி அழிந்துவிடாது, பின்வாங்கி நிற்கும். மூன்று நாள் கழித்து நான்கு, ஒரு வாரம் கழித்து நான்கு கணக்கு கொடுங்கள். கடன் வாங்குபவையும் வாங்காதவையும் கலந்து, குச்சிகள் இல்லாமல். கடன் வாங்கும் கணக்குகளை மட்டும் கொடுத்தால், எண்ணைப் பார்க்காமலே எல்லாவற்றிலும் கடன் வாங்குவது என்ற புதிய விதிப்பிசகு உருவாகும். கடைசியாக ஒரு பூஜ்ஜியம் வைத்துப் பாருங்கள்: 70-இலிருந்து 34. விடை 44 என்றால் பழைய விதி திரும்பிவிட்டது, கட்டுகளை எடுக்க வேண்டும். 36 என்றால் உடனே கைதட்டாமல், அதே குரலில் கேளுங்கள்: “பூஜ்ஜியத்துலேருந்து நாலை எப்படி எடுத்தே?”